உடைச்சக்காவின் பி.எச்.டி.

பொருள்களைச் செய்து பிழைப்பவர்கள் உலகத்தில் கோடிப் பேர். உடைத்துப் பிழைப்பவர்கள் கொஞ்சம்தான். அதிலும் மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு, மேலிடத்து அனுமதியோடு, கையெழுத்துப் போட்டுப் பதினேழு வருஷமாக உடைத்துக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் எனக்கு மருமகள் முறை. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். குறைத்துச் சொன்னால்தான் சண்டைக்கு வருவாள். ஆகையால் குறைக்கப் போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல், பொறியியல் துறை. அதன் தரைத்தளத்தில் கடைசி அறை அவளுடையது. சன்னல் பாதிக்கு வெள்ளைப் பெயின்ட். ஆணியில் தொங்கும் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு கை போன பிளாஸ்டிக் நாற்காலி (அதை மட்டும் அவள் உடைக்கவில்லை). நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு இழுவை இயந்திரம். அதற்கு மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. விரல் நீள உலோகப் பட்டை ஒன்றை இரண்டுக்கும் நடுவே கவ்வக் கொடுத்து, கம்பிவலைக் கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினால் இயந்திரம் மேலும் கீழுமாக இழுக்கும். பட்டை தாங்கும் வரை தாங்கும். பிறகு 'டப்!' எந்த எண்ணில் உடைந்ததோ அதுதான் அந்த உலோகத்தின் பலம். அந்தச் சத்தத்தில் அந்த அறைப் பல்லி காது செவிடாகி, யார் கூப்பிட்டாலும் வாலை ஆட்டிப் பதில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது என்று அவளே என்னிடம் சத்தியம் செய்திருக்கிறாள்.

ஆராய்ச்சி மாணவர்கள் அவளை 'உடைச்சக்கா' என்பார்கள். பிறகு துறைத் தலைவி, கணக்குப் பிரிவு, வாசல் காவலர் எல்லோருக்கும் அதுவே பேராயிற்று. ஒருமுறை சம்பளச் சீட்டில் கூட அப்படி அச்சாகி வந்ததாகச் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை.

அவள் உடைத்துக் கொடுத்த எண்களை வைத்துப் பதினோரு பேர் டாக்டர் ஆகியிருந்தார்கள். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். ஒவ்வொரு ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் நன்றி உண்டு. கடவுள், அப்பா, அம்மா, கைடு, நண்பர்கள், பெயர் சொல்ல விரும்பாத ஒருத்தி எல்லோருக்கும் சொல்லி முடித்து, காகிதத்தில் இடம் மிச்சமிருந்தால் 'ஆய்வக உதவியாளருக்கும்' என்று அரை வரி. ஒருவன் தன் வீட்டு நாய்க்கு இரண்டு வரி கொடுத்திருந்தான்.

அதையும் அவள் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். நான்காவது டாக்டர் செய்ததைத்தான் விட முடியவில்லை. "தம்பி, இந்த விரிசல் எப்பவும் ஓரத்துலேர்ந்துதான் கெளம்புது, கவனிச்சியா?" என்று இவள் ஒருநாள் கேட்டாள். அவன் கவனித்ததில்லை. ஆனால் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் 'இந்த ஆய்வாளர் முதன்முதலாகக் கவனித்தது' என்று அது அழகாக உட்கார்ந்திருந்தது.

"கேள்வி என்னோடது. பட்டம் மட்டும் அவனோடதா?" என்று வீட்டில் வந்து கேட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். முப்பதுக்கு மேல் வண்டியும் போகாது, பேச்சும் போகாது. யோசித்து, சாப்பிட்டு, கை கழுவி வந்து, "நீயும் படியேன்" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. டிப்ளமாவோடு வேலைக்கு வந்தவள் மாலை வகுப்பில் பட்டம் முடித்தாள், அப்புறம் முதுகலையும் முடித்தாள். மொத்தம் ஒன்பது வருஷம். நடுவே ஒரு பெண் குழந்தையும் பெற்றாள்.

போன வருஷம் அறிவிப்புப் பலகையில், காணாமல் போன குடைக்கும் பூப்பந்துப் போட்டிக்கும் நடுவே, ஒரு தாள் ஒட்டினார்கள். 'பொருள் அறிவியல், பொறியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்புகள்.' ஆறு இடம். தலைப்புகளைப் படித்தால் வாயில் பல்லே மிஞ்சாது. கடைசியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: துறைப் பணியாளருக்கு ஓர் இடம்; முதுகலை வேண்டும்; வயது நாற்பத்தைந்துக்குள். அந்த இடம் நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அவளுக்கு நாற்பத்தைந்து ஆக இரண்டு மாதம் பாக்கி. இதை விட்டால் அப்புறம் பலகையில் குடையைத்தான் தேட வேண்டும்.

வீட்டில் அவளுடைய நாத்தனாரும் இருக்கிறாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களின் வாயைப் பார்த்தே பழகியதால், தன் வாயைப் பூட்டி வைக்கத் தெரியாதவள்.

"அண்ணி, பி.எச்.டி. எத்தனை வருஷம்?"

"அஞ்சு. இழுத்தா ஏழு."

"இழுக்கறதுதானே உங்க வேலையே! அப்ப அம்பத்திரண்டு. பட்டம் வாங்க மேடை ஏறும்போது ஒரு கையில கைத்தடி, ஒரு கையில பட்டம். கவுன் தடுக்குச்சுன்னா ரெண்டும் போச்சு."

"விழுந்தா உன் ஆஸ்பத்திரிக்கே வரேன். பல்லை நீயே எண்ணி எடுத்து வை."

"எங்க டாக்டர் உங்களுக்குத் தள்ளுபடி தருவாரு அண்ணி. டாக்டருக்கு டாக்டர்!"

இப்படியாக வீடு முழுச் சம்மதம் தந்தது.

அவள் கையில் ஒரு கேள்வி தயாராக இருந்தது. அதைச் சொல்ல, உடைக்கும் வேலையில் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பட்டையின் நடுப் பகுதியில் இரண்டு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடுகளுக்குள் உடைந்தால்தான் செல்லும். தாடைப் பக்கமாக, கோட்டுக்கு வெளியே உடைந்தால் அது தப்பு உடைப்பு. எண்ணை அடித்துவிட்டு, துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு பட்டை கொண்டு வரச் சொல்வார்கள். எல்லா நாட்டிலும் இதுதான் விதி.

அந்தத் துறையில் ஒரு பேராசிரியர், தானே உருவாக்கிய ஒரு வார்ப்பு உலோகத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம்" என்பார். அதுவே அவர் பேராகிவிட்டது. பதினோரு டாக்டர்களும் அவருடைய மாணவர்கள், பதினோரு பேரும் அதே உலோகம். அந்த உலோகப் பட்டைகளில் பாதிக்குப் பாதி தப்பு உடைப்பு. செல்லும் உடைப்பிலும் எண் குறைவு. மாநாடுகளில் அந்த உலோகத்துக்கு 'ரஸ்க்' என்று பேர் வைத்துவிட்டார்கள். டீ இடைவேளையில் யாராவது ரஸ்க்கை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நொறுக்குவார்களாம்.

விதிப்படி குப்பைக்குப் போக வேண்டிய துண்டுகளை உடைச்சக்கா குப்பையில் போடவில்லை. ஆளுக்கொரு பிஸ்கட் டின். பதினோரு டாக்டருக்குப் பதினோரு டின், மேசைக்கு அடியில். ஒவ்வொரு துண்டிலும் தேதி. அத்தனையும் ஒரே மாதிரி உடைந்திருந்தன. கீழ்த்தாடைக்குப் பக்கத்தில், விரிசல் ஆரம்பித்தது எப்போதும் வலது ஓரத்தில். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் விசிறி மாதிரி கோடுகள் விரியும். விசிறியின் கைப்பிடி எந்தப் பக்கமோ அங்கேதான் விரிசல் பிறந்தது. கைப்பிடி எல்லாம் வலது பக்கமே.

எது கீழ், எது வலது என்று எப்படித் தெரியும் என்றால், அங்கேதான் அவளுடைய ஒழுங்கு. ஒவ்வொரு பட்டையின் ஒரு முனையிலும் எண் பொறித்திருக்கும். எண் மேலே, எண் தன்னைப் பார்த்து: இப்படித்தான் மாட்டுவாள். மாற்றிக் கொடுத்த மாணவனை, "சட்டையைத் தலைகீழா போடுவியா நீ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவாள். பதினேழு வருஷத்தில் ஒரு பட்டை கூடத் தலைகீழாகப் போனதில்லை.

ஆக, அவள் முடிவு: அச்சில் ஊற்றும்போது உலோகம் ஒரு பக்கம் முதலில் இறுகுகிறது. கடைசியில் இறுகும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் தங்குகின்றன. அந்த மூலையில்தான் பட்டை பிளக்கிறது. உலோகத்தைக் குறை சொல்லாதே, ஊற்றும் முறையைத் திருத்து. இதை ஆறு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு வைத்தாள்.

'அடுத்த வாரம்' அதை வாங்கின அன்றைக்கே படித்தார். துறையில் இதை இன்றும் ஒரு அதிசயமாகச் சொல்கிறார்கள். படியிறங்கித் தரைத்தளக் கடைசி அறைக்கு அவரே வந்தார்.

"அம்மா, இது அருமை. அருமை. இடம் உங்களுக்குத்தான். நேர்காணல் சும்மா ஒரு சம்பிரதாயம். டின்னையெல்லாம் வரிசையாப் படம் எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் போன பிறகு அவள் ஒற்றைக் கை நாற்காலியில் உட்கார்ந்து, கையில்லாத பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், டின்களைத் திறந்து தேதிவாரியாகத் தரையில் அடுக்கினாள். மாதம் தவறாமல் துண்டுகள் வந்துகொண்டே இருந்தன, ஆறாவது டின் பாதி வரை. அங்கே மூன்று மாதம் காலி. அவள் பிள்ளைப்பேறு விடுப்பு. சரி, அந்த மூன்று மாதமும் எடுத்து வைக்க ஆள் இல்லை, குப்பைக்குப் போயிருக்கும் என்று பழைய பதிவேட்டைப் புரட்டினாள். தற்காலிகமாக வந்த ஒருவன் நாற்பது பட்டை உடைத்திருந்தான். தப்பு உடைப்பு: இரண்டு.

நாற்பதில் இரண்டு! இவள் கணக்குப்படி இருபது இருக்க வேண்டும். பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் லீவு போட்டா, ஓட்டையும் லீவு போட்டுச்சா?"

பதினோராவது டாக்டர் விட்டுப்போன மிச்சப் பட்டைகள் ஏழு அலமாரியில் இருந்தன. ஒன்றை எடுத்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திருடுகிறவள் மாதிரி, தலைகீழாக மாட்டினாள். அவள் சொன்ன ஓட்டை பட்டையில் இருந்தால், இப்போது மேல்தாடைப் பக்கம் அல்லவா உடைய வேண்டும்?

டப்! கீழே உடைந்தது. வலது ஓரம்.

பட்டை நிரபராதி. அப்படியென்றால் இயந்திரமா? இயந்திரத்தை வருஷாவருஷம் ஒரு ஆள் வந்து சோதித்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறான், அதுவும் நிரபராதி. அறையில் மிச்சம் இருந்தது அவளும் பல்லியும்.

நேரே பட்டறைக்குப் போனாள். அங்கே லேத்துக்காரர் இருந்தார். பட்டைகளைக் கடைந்து கொடுப்பவர் அவர். தப்பு உடைப்பு வரும்போதெல்லாம் "உங்க கடைசல்தான் சரியில்லை அண்ணே" என்று இவளிடம் திட்டு வாங்கி வாங்கி, தலைமுடி பாதி கொட்டிப்போனதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"அண்ணே, ஒரு பட்டையை நீங்க மாட்டுங்க. நான் பாக்கணும்."

"எதுக்கு? என் கை பட்டு உடைஞ்சுச்சுன்னு அதையும் என் தலையில கட்டவா?"

"மாட்டுங்கண்ணே" என்று அவரைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவர் இடது கையால் பட்டையைப் பிடித்து, வலது கையால் கீழ்த்தாடையின் கைச்சக்கரத்தைத் திருகினார். சக்கரம் இருப்பது வலது பக்கம். உலகத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வசதியாகச் செய்து வைத்தது. டப்! பட்டை நடுவில் உடைந்தது. இரண்டு கோட்டுக்கும் சரிநடுவில், அளந்து வெட்டின மாதிரி.

"அண்ணே, இன்னொண்ணு."

நடுவில்.

உடைச்சக்கா இடது கைக்காரி. அவள் வலது கையால் பட்டையைப் பிடித்து, இடது கையைக் குறுக்கே நீட்டிச் சக்கரத்தைத் திருகுவாள். மேல்தாடை தோள் உயரம், அங்கே இடைஞ்சல் இல்லை. கீழ்த்தாடையில் குனிந்து திருகும்போது அவளுடைய முன்கை பட்டையை ஒரு முடி அகலம் ஒதுக்கியது. தாடை அப்படியே கவ்விக்கொண்டது. கோணலாகக் கவ்விய பட்டையை இழுத்தால் ஒரு ஓரத்துக்கு மட்டும் கூடுதல் வேதனை. இரும்பு மாதிரி வளைந்து கொடுக்கும் உலோகம் என்றால் லேசாக வளைந்து பொறுத்துப்போகும். 'அடுத்த வாரத்தின்' உலோகம் பொறுக்காத ஜாதி. பட்டென்று ஓரத்தில் விட்டுவிடும்.

லேத்துக்காரருக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், இயந்திரத்தின் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப பதினேழு வருஷமா என் கடைசல் நல்லாத்தான் இருந்துச்சு! தங்கச்சி, வாயால சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு, காது குளிரக் கேட்டுக்கறேன்."

"உங்க கடைசல் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே."

"இன்னும் கொஞ்சம் சத்தமா. அந்த மெஷின் பக்கத்துல நின்னு காது மந்தம்."

அவள் அழுதுவிடுவாள் போல இருந்ததைப் பார்த்து அவர் தூணை விட்டார்.

"என்ன, இன்டர்வியூவா?"

"எழுதிக் கொடுத்த ஆறு பக்கமும் பொய்யாப் போச்சுண்ணே. அதுக்குத்தான் இடமே."

அவர் கை துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியும்? உனக்கு, எனக்கு. நான் சொல்ல மாட்டேன். சொன்னா எனக்கு என்ன கிடைக்கும்? பேசாம இடத்தை வாங்கு. ரெண்டு வருஷம் கழிச்சு, ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச மாதிரி கண்டுபிடி. அதுக்கே பட்டம் தருவாங்க. நான் எத்தனை டாக்டரைப் பாத்திருக்கேன்!"

யோசனை மோசம் இல்லை. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள். வீட்டில் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். அவர் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் யோசித்துவிட்டு, "அவங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"கேக்க மாட்டாங்க."

"கேக்கலைன்னா விடு" என்று படுத்துவிட்டார். இந்த மாதிரி மனிதர்களோடு குடும்பம் நடத்துவதற்கே ஒரு பட்டம் தரலாம்.

நேர்காணல் மேல்மாடிக் கூட்ட அறையில். நீள மேசை, பச்சைத் துணி, தண்ணீர் பாட்டில், அதன் மேல் கவிழ்த்த பேப்பர் டம்ளர். அந்தப் பக்கம் மூன்று பேர்: துறைத் தலைவி, 'அடுத்த வாரம்', வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். அவர் உருக்கு ஆலையில் முப்பது வருஷம் இருந்து, சூடு தாங்கித் தாங்கி முகமே செங்கல் நிறமாகிப் போனவர். பணியாளர் இடத்துக்குப் போட்டி இன்னும் ஒரே ஒருவன், நுண்ணோக்கி அறைக்காரன். அவன் திரையில் அம்புக்குறிகளைப் பறக்கவிட்டு, அரை மணி நேரம் பேசிவிட்டு, வேர்க்காமல் வெளியே வந்தான். இவளுக்கு உட்காருவதற்கு முன்னாலேயே வேர்த்துவிட்டது.

டின்களின் படங்களைக் காட்டினாள். விசிறிக் கோடுகளைக் காட்டினாள். 'அடுத்த வாரம்' ஒவ்வொரு படத்துக்கும் தலையை ஆட்டினார். துறைத் தலைவி குறித்துக்கொண்டார். செங்கல் முகத்துக்காரர் மட்டும் மோவாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாப் பட்டையையும் எண் மேல இருக்கிற மாதிரிதான் மாட்டியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"ரொம்ப ஒழுங்கு. நல்லது." மோவாயை விட்டார். "ஒண்ணையாவது தலைகீழா மாட்டிப் பாத்தீங்களா?"

கேட்டுவிட்டார்.

'பார்க்கவில்லை, இடம் கிடைத்தால் அதுதான் முதல் வேலை.' இந்தப் பதில் அவள் நாக்கு நுனியில் வந்து, செருப்புப் போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றது. எவ்வளவு அடக்கமான பதில்! மூன்று பேரும் மெச்சியிருப்பார்கள். ஆனால் பதினேழு வருஷமாக எத்தனை மாணவர்கள், "அக்கா, ஒரு பத்தே பத்து கூட்டிப் போடுங்கக்கா, கல்யாணம் நிச்சயமாயிருக்கு" என்று அழுதிருக்கிறார்கள்! ஒருவனுக்கும் ஒன்று கூடக் கூட்டிப் போட்டவளில்லை. அந்த நாக்குக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை; எண் என்று வந்துவிட்டால் அதற்கு அவள் பேச்சே கேட்காது.

"முந்தாநாள் மாட்டினேன்" என்றாள். "அப்பவும் கீழேதான் உடைஞ்சுது. பட்டையில ஒண்ணும் இல்லைங்க. நான் எழுதினது தப்பு. கோளாறு என் கையில."

எழுந்து நின்று, வலது கையால் இல்லாத பட்டையைப் பிடித்து, இடது கையைக் குறுக்கே விட்டு, இல்லாத சக்கரத்தைத் திருகிக் காட்டினாள். பச்சைத் துணிக்கு மேலே அவளுடைய முழங்கை தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவிட்டது. இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது.

முதலில் எழுந்தது 'அடுத்த வாரம்.'

"பதினோரு தீசிஸ்!" என்றார். குரல் கீச்சிட்டது. "பதினோரு தீசிஸ், முப்பத்தி நாலு கட்டுரை! அத்தனையும் உங்க முழங்கையாலயா?"

"ஆமாங்க."

"ஆமாங்களா? இதை இப்ப வந்து சொல்றீங்களே!"

"முந்தாநாள்தாங்க தெரிஞ்சுது. அடுத்த வாரம் சொல்லலாம்னா இன்டர்வியூ இன்னிக்கு."

துறைத் தலைவி இருமலை வாயில் கைக்குட்டையை வைத்து மறைத்தார். அது இருமல் இல்லை. செங்கல் முகத்துக்காரர், "பட்டை மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு இருந்தன. மூன்று பேரும் அவள் பின்னாலேயே படியிறங்கிப் போனார்கள். விஷயம் எப்படியோ தெரிந்து, பட்டறை வாசலில் லேத்துக்காரர், படிக்கட்டில் நுண்ணோக்கிக்காரன், தாழ்வாரத்தில் அத்தனை மாணவர்களும். வாசல் காவலர் வாசலை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவள் தன் வழக்கப்படி ஒன்றை மாட்டினாள். டப். கீழே, வலது ஓரம், நூற்று எழுபத்தெட்டு. அடுத்ததை நகர்ந்து நின்று, பழக்கமில்லாத வலது கையால் திருகினாள். கையெழுத்துக் கற்கும் குழந்தை மாதிரி நாக்கு வெளியே வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினாள். எண் ஏறியது. நூற்று எழுபத்தெட்டைத் தாண்டியது. இருநூறு. 'அடுத்த வாரம்' கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். இருநூற்று இருபது. யாரும் காதைப் பொத்தவில்லை. இருநூற்று முப்பத்தாறு. டப்! நடுவில்.

பேராசிரியர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமும் சந்தோஷமும் ஒரே வாசலில் நுழையப் பார்க்கும் இரண்டு தடியர்கள் மாதிரி சிக்கிக்கொண்டன.

"இருநூற்று முப்பத்தாறு" என்றார். "இருநூற்று முப்பத்தாறு! ரஸ்க்குன்னானுங்களே!" ஒற்றைக் கை நாற்காலியில் உட்கார்ந்தார். "இவங்களைத் துறையை விட்டே துரத்தணும். நாளைக்கே. இல்ல, இன்னொரு பட்டை போடுங்கம்மா. அதையும் பாத்துட்டு."

இன்னொன்று இருநூற்று நாற்பத்தொன்று. கடைசிப் பட்டையை அவர் தொடவிடவில்லை; சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேலே மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் வெளியே பெஞ்சில். பக்கத்தில் நுண்ணோக்கிக்காரன்.

"அக்கா, சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத்தானே" என்றான்.

"உனக்கு நல்லதுதானே? சும்மா இரு."

"நல்லதுதான். ஆனா, எனக்குக் கிடைச்சா எப்படிக்கா சந்தோஷப்படறது? சனியன், நிம்மதியா ஜெயிக்கக்கூட விடமாட்டேங்கறீங்க."

கதவு திறந்தது. உள்ளே நடந்ததை அப்புறம் செங்கல் முகத்துக்காரரே சொன்னார். 'அடுத்த வாரம்' ஒரு பக்கம் வேண்டவே வேண்டாம் என்றாராம், மறுபக்கம் வேறு யார் கைக்கும் அவளை விடவும் மாட்டேன் என்றாராம். "என் ஆலையில தப்பை மறைக்கிறவங்க முன்னூறு பேர் இருந்தாங்க. எடுத்து வச்சு, தேதி போட்டு, தானே தன்னைக் காட்டிக் கொடுத்தவங்க ஒருத்தர் கூட இல்லை" என்று இவர் சொன்னாராம். துறைத் தலைவி ஒரே வரியில் முடித்தார். இடம் இவளுக்கு. தலைப்பு, மாட்டும் கையால் எண் எவ்வளவு மாறுகிறது என்பது. நிபந்தனை ஒன்று: முதல் வேலையாகப் பதினோரு டாக்டர்களுக்கும் அவளே கடிதம் எழுத வேண்டும், அவர்களுடைய எண்கள் தப்பு என்றும், யாருடைய தப்பு என்றும்.

அவள் கேட்ட முதல் கேள்வி, "பன்னண்டாவது பட்டம் கைக்கு வருமா, முழங்கைக்கு வருமா?" என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். அவள் எதையும் கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, குழாய்ச் சத்தத்தில் அழுதாள்.

வீட்டில் நாத்தனார்தான் கடிதங்களைப் படித்துத் திருத்தினாள்.

"அண்ணி, 'வருந்துகிறேன்' மூணு தடவை வருது. ஒண்ணு போதும். எங்க டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கினதுக்கே ஒரு தடவைதான் சொன்னாரு."

பதில்கள் வந்தன. ஒருவர் வக்கீலிடம் பேசுவதாக எழுதினார், அப்புறம் மூச்சில்லை. ஒருவர் உலோகத்தையே விட்டுவிட்டு முட்டைக் கடை வைத்திருப்பதாகவும், உடையாமல் பார்த்துக்கொள்வதே இப்போது தன் தொழில் என்றும் எழுதினார். நான்காவது டாக்டர், விரிசல் ஓரத்தில் பிறக்கிறது என்ற அந்தக் கவனிப்பு உண்மையில் தன்னுடையது அல்ல என்று நினைவுபடுத்த விரும்பினார். இத்தனை வருஷம் கழித்து, எவ்வளவு பெருந்தன்மை!

ஏழாவது டாக்டர் கடிதம் எழுதாமல் போன் செய்தாள். இப்போது ஒரு கம்பெனியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பட்டைகள்தான் எல்லோரையும் விட அதிகம் தப்பாக உடைந்தவை. மறுபடி ஊற்றி, மறுபடி கடைந்து, ஒரு வருஷம் கூடுதலாகப் போனது. எண்கள் மட்டம் என்று மேற்கொண்டு போக இருந்த வெளிநாட்டு வேலையும் கைநழுவியது. உடைச்சக்கா அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்கு வந்து, திட்டு வாங்கத் தயாராகச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

திட்டு வரவில்லை.

"அக்கா" என்று வந்தது குரல். "அப்ப என் மெட்டல் நல்ல மெட்டல்தானா?"

"நல்ல மெட்டல்தாம்மா."

"எவ்வளவு தாங்கும்?"

அவளுக்கு ஆறுதலாக ஒரு எண் சொல்லியிருக்கலாம். இருநூற்று முப்பத்தாறு கண் முன்னால்தான் நின்றது. ஆனால் அது வேறொருவன் ஊற்றின பட்டை.

"தெரியலைம்மா" என்றாள். "உன்னோடதை இனிமேதான் உடைச்சுப் பாக்கணும். மிச்சம் ஏதாவது வச்சிருக்கியா?"